ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

2022 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. பதினேழு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோதுதான் எங்கள் நாள் எவ்வளவு மாறிவிட்டது என்று தெரிந்தது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், அவரால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. என் கணவருக்கு இரவுப் பணி. காலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். ஆகவே விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரை நான் வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

அதற்கு முந்தைய ஆறு வருடமாக அந்த நேரம் என் சைக்கிளுடைய நேரம். அம்பத்தூரிலிருந்து கிளம்பி, ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டிப் பூண்டி ஏரி வரை போவோம். போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வார நாட்களில் பாதி வழியில் திரும்பிவிடுவேன். 2019-ல் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் பிரவே (brevet) என்கிற 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தை முடித்திருக்கிறேன். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சைக்கிள் எனக்கு உடம்பைக் குறைக்கிற வழியாக இருந்ததில்லை. அன்றைய நாளை எதிர்கொள்ளும் மனநிலை எனக்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் அது இல்லாமல் போனபோது நான் எல்லோரிடமும் எரிந்து விழ ஆரம்பித்தேன், அப்பாவிடமும்கூட. நவம்பரில், மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்ற சைக்கிளைத் துடைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பது என்றால் நம் ஊரில் யாருக்கும் புதிதாக இருக்காது. நாமெல்லாம் முதலில் ஓட்டியதே ஸ்டாண்டு போட்ட சைக்கிளைத்தானே. அப்பாவின் சைக்கிளை வாசலில் ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் சுற்றி, பின்சக்கரம் விர்ரென்று ஓடும்போது போக்ஸ் கம்பிகள் கண்ணுக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தால் அவர் பின்னாலேயே ஓடுவோம். அவரும் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் உட்கார்ந்துதான் மிதிப்பார். பெல்ட் சாணைக்கல்லைச் சுற்றும். கத்தியைக் கல்லில் வைத்ததும் பொறி பறக்கும், அவருடைய மிதி கனத்துவிடும். சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி வீட்டுக்குள் மிதிக்க வைக்கும் டிரெய்னர் என்ற கருவி வேலை செய்யும் விதமும் இதுதான். சுற்றுகிற சக்கரத்தின் மேல் ஏதோ ஒன்று கத்தியைப் போல் அழுத்தி, காலுக்குப் பாரம் கொடுக்க வேண்டும். எதை வைத்து அழுத்துகிறார்கள் என்பதில்தான் ஒரு டிரெய்னருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

என் முதல் டிரெய்னர் தெரிந்தவர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. பின்சக்கரத்தைக் கழற்றாமலே அச்சில் மாட்டி நிறுத்தும் வகை. டயரின் அடியில் ஓர் இரும்பு ரோலர் வந்து முட்டும். பழைய சைக்கிளில் டைனமோவை டயரோடு சாய்த்துவிட்டால் மிதி கனக்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. ரோலரோடு சேர்ந்து ஒரு உலோகத் தட்டு காந்தங்களுக்கு நடுவே சுழலும். காந்தப்புலத்துக்குள் சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அது அந்தச் சுழற்சியையே எதிர்த்து இழுக்கும். இன்னொரு வகையில் காந்தத்துக்குப் பதில் கெட்டியான சிலிகான் திரவத்துக்குள் ஒரு சக்கரம் சுற்றும். வேகம் கூடக்கூட அதில் பாரம் மளமளவென்று ஏறும். சாலையில் காற்று நம்மை எதிர்ப்பதும் அப்படித்தான் என்பதால் திரவ வகை காலுக்கு இயல்பாக இருக்கும்.

மாட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் பார்வை நேராகப் பின்சக்கரத்துக்கு அடியில் போனது. டைல்ஸ் மேல் கரிய தூள் கோடாகப் படிந்திருந்தது. நான் அதைச் சாதாரண அழுக்கு என்று நினைத்து நாள்தோறும் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இடது கையை நீட்டினார். கொஞ்சம் தூளைக் கிள்ளி அவர் விரலில் வைத்தேன். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் வாய் அசைந்தது. அப்புறம் சொன்னார்: "ரப்பர். வழுக்குது."

அப்பா அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். 1949-ல் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை இந்தத் தேசத்துக்கே செய்து கொடுத்த இடம் அது. வீல் பிரிவில் கோட்டம் எடுப்பது அவர் வேலை. போக்ஸ் கம்பியை நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் முழுசாகச் சொன்ன முதல் செய்தி என் டயரைப் பற்றியது.

அவர் சொன்னது சரிதான். ரோலர் டயரோடு போதுமான அளவு அழுந்தவில்லை. வேகமாக மிதிக்கும்போதெல்லாம் டயர் ரோலரின் மேல் வழுக்கி, சூடாகி, தேய்ந்துகொண்டிருந்தது. ரோலர் டயரைத் தொட்ட பிறகு திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் டயரில் காற்று ஒரே அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டிரெய்னருக்கென்றே கடினமான ரப்பரில் தனி டயர் கிடைக்கிறது. இந்த வகை டிரெய்னர் வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். சாலை டயரை இதில் போட்டுத் தேய்க்காதீர்கள்.

தூள் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

கீழ்வீட்டு ஆன்ட்டி ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "என்னம்மா, அஞ்சு மணிக்கே கிரைண்டர் போடுறியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கிரைண்டர் என்றுதான் நினைத்திருக்கிறார். காற்று வழியாகப் போகிற சத்தத்தைவிடத் தரை வழியாக இறங்குகிற அதிர்வுதான் கீழ்வீட்டாருக்குத் தொல்லை. யோகா பாய் அதற்குப் போதாது. கீழே ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் ஜிம்மில் போடுகிற தடித்த ரப்பர் பாய், அதன் மேல் டிரெய்னர் என்று வைத்த பிறகு அவர் வீட்டில் சத்தம் நின்றது.

எங்கள் வீட்டுக்குள் இருந்த சத்தத்துக்கு அதனால் பயன் இல்லை. அப்பாவால் குரலெடுத்துக் கூப்பிட முடியாது. கட்டில் கம்பியை எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார், நாங்கள் ஓடுவோம். டிசம்பரில் ஒரு காலை. ஐம்பது நிமிடம் மிதித்துவிட்டு இறங்கி முகம் துடைத்துக்கொண்டே அவர் அறைக்குப் போனேன். உடம்பு பாதி கட்டிலிலிருந்து சரிந்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. எவ்வளவு நேரம் தட்டினார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பத்தடி தூரத்தில், கதவு திறந்த அறையில் இருந்தும் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கு அடி எதுவும் படவில்லை. நான் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றோடு அந்த டிரெய்னரை விற்றுவிட்டேன். இரண்டு மாதம் சேமித்து டைரக்ட் டிரைவ் வகை வாங்கினேன். இதில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, சைக்கிளின் பின் ஃபோர்க்கை நேரடியாக டிரெய்னரின் அச்சில் மாட்ட வேண்டும். கேசட், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, டிரெய்னரிலேயே இருக்கும், நம் செயின் அதன் மேல் ஓடும். உள்ளே ஒரு பெல்ட், ஒரு கனமான ஃப்ளைவீல், மின்காந்த பிரேக். டயரே இல்லாததால் தேய்மானம் இல்லை, வழுக்கல் இல்லை. கேட்பதெல்லாம் செயின் பல்லில் விழுகிற சத்தம் மட்டும்தான். விலை அதிகம், மறைக்கவில்லை. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்து, அவர்களைக் கவனித்துக்கொண்டே ஓட்ட விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சத்தத்தைத்தான். ஆப், வாட், கேம் எல்லாம் அதற்குப் பிறகு. வாங்குமுன் உங்கள் சைக்கிளின் கேசட்டில் எத்தனை பல்சக்கரம், பின்சக்கர அச்சு நெம்புகோலால் இறுக்கும் குவிக் ரிலீஸா, திருகி மாட்டும் தடித்த த்ரூ ஆக்ஸிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெக்கை. எங்கள் ஊரில் டிரெய்னர் வாங்குகிற யாரும் இதை ஆரம்பத்தில் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. நம் உடம்பு ஒரு எஞ்சின் என்றால் அது நாலில் ஒரு பங்குக்கு மேல் மிதிக்குத் தருவதில்லை. 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகும், மிச்சம் முழுக்கச் சூடு. பெடலில் நான் 150 வாட் கொடுக்கிறேன் என்றால் உள்ளே கிட்டத்தட்ட 500 வாட் சூடு உண்டாகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விநாடிக்கு ஏழு மீட்டர் காற்று உடம்பைத் துடைத்துக்கொண்டே வரும். வீட்டுக்குள் அது சுத்தமாகக் கிடையாது.

வியர்த்தால் உடம்பு குளிரும் என்று படித்திருக்கிறோம். வியர்வை ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியாக 580 கிலோ கலோரி அளவு சூடு தேவை, அதை உடம்பிலிருந்துதான் எடுக்கும். அந்தக் கணக்குப்படி ஒரு மணி நேர மிதிக்கு முக்கால் லிட்டர் போதும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பாதி வியர்வை ஆவியாகாமல் அப்படியே சொட்டிப் போய்விடும். சொட்டுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை. முதல் மாதம் நான் சீலிங் ஃபேனை மட்டும் நம்பினேன். அதன் காற்று தலைக்கும் முதுகுக்கும் வரும், நெஞ்சுக்கும் முகத்துக்கும் வராது. அதே 140 வாட்தான், பத்தாவது நிமிடத்தில் 138 ஆக இருந்த இதயத் துடிப்பு நாற்பதாவது நிமிடத்தில் 156-க்குப் போய்விடும். கால் சோர்ந்துவிட்டது, உடம்பு கெட்டுவிட்டது என்று மனசு உடைந்துபோனேன். முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேனை நெஞ்சுக்கு நேராக, நாலடி தூரத்தில் வைத்த அன்றைக்கு, அதே பாரத்தில் 144-ஐத் தாண்டவில்லை. காலில் எந்தக் குறையும் இல்லை. காற்று இல்லாததுதான் குறை.

அதனால் என்னைக் கேட்டால் நம் ஊரில் டிரெய்னருக்கு அடுத்து வாங்க வேண்டியது நல்ல ஃபேன். ஜன்னல் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி ஒன்று வையுங்கள். முடிந்தால் பின்னாலும் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும். நான் நீர்மோரும் வைத்துக்கொள்வேன், மிதித்து முடித்த பிறகு குடிக்க. ஏ.சி. இருந்தால் மே மாதத்தில் உதவும், அதன் பெரிய பலன் குளிர்ச்சியைவிடக் காற்றின் ஈரத்தைக் குறைப்பதுதான். அப்பாவுக்கு ஏ.சி. குளிர் தாங்காது என்பதால் எங்கள் வீட்டில் ஃபேன்தான்.

வியர்வை சைக்கிளையும் விடாது. சாலையில் அது காற்றோடு போய்விடும், இங்கே நேராக ஹேண்டில்பார், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம், அது திரும்புகிற ஹெட்செட் மேல் விழும். எட்டு மாதம் கழித்து ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது உள்ளே அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, விரல் வைத்தால் மாவு போல் உதிர்ந்தது. ஒரு போல்ட் துருவேறித் திரும்பவே இல்லை. இப்போது ஹேண்டில்பார் முதல் சீட் வரை ஒரு பழைய பருத்தித் துண்டை விரிக்காமல் நான் ஏறுவதில்லை.

சீட் வலியும் வேறு மாதிரிதான். சாலையில் பள்ளத்துக்கு எழுவோம், சரிவில் மிதிக்காமல் உருள்வோம், சிக்னலில் இறங்குவோம். நம்மை அறியாமலே உடம்பு நூறு தடவை அசைந்து கொடுக்கும். டிரெய்னரில் சைக்கிள் அசையவே அசையாது, ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதிப்பதுதான் எனக்குப் பலித்த வழி. உருள்வதற்கு இடமே இல்லாததால், இங்கே ஒரு மணி நேரம் என்றால் அறுபது நிமிடமும் மிதிதான். சாலையில் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டியதற்குச் சமமாக நான் அதைக் கணக்கு வைக்கிறேன்.

நாம் மிதிக்க மிதிக்கத் திரையில் நம் உருவம் சைக்கிள் ஓட்டுகிற ஸ்விஃப்ட் (Zwift) போன்ற ஆப்புகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2014-ல் வந்தது அது. அதில் வட்டோபியா என்று ஒரு கற்பனைத் தீவு, சாலமன் தீவுகளின் வரைபடத்தில் ஒரு நிஜத் தீவின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மலை, பிரான்சின் ஆல்ப் துவேஸ் ஏற்றத்தைப் பார்த்துச் செய்தது: 12.2 கிலோமீட்டர், 1036 மீட்டர் உயரம், 21 கொண்டை ஊசி வளைவுகள். நான் அதை முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் கொல்லிமலையில் 70 வளைவு. அதையும் ஏறியிருக்கிறேன். இரண்டுக்கும் கால் வலி ஒன்றுதான். கொல்லிமலையில் ஒவ்வொரு வளைவிலும் மிளகுக்கொடியின் வாசம் மாறிக்கொண்டே வரும், அது எந்தத் திரையிலும் வராது. இருந்தாலும் அந்த ஆப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு, தூங்கும் வீட்டில், வேறு யாரோ நாலு பேர் கூட வருகிற உணர்வை அது எனக்குக் கொடுத்தது.

நான் அதிகம் பயன்படுத்துவது எர்க் மோடு. எத்தனை வாட் என்று சொல்லிவிட்டால் டிரெய்னர் அதைப் பிடித்துக்கொள்ளும். மிதி வேகம் குறைந்தால் பாரத்தைக் கூட்டி அதே வாட்டுக்குக் கொண்டுவரும். இதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. டம்ளர் சத்தம் கேட்டால் நான் பாதியில் இறங்க வேண்டும். திரும்ப வந்து ஏறி மெதுவாக மிதிக்க ஆரம்பித்தால், டிரெய்னர் 180 வாட்டை அந்த மெதுவான மிதியிலேயே வாங்கப் பார்க்கும். மிதி வேகம் பாதியானால் காலுக்கு வரும் பாரம் இரட்டிப்பு. கால் சேற்றில் மாட்டிய மாதிரி நின்றுவிடும். இறங்கும்போதே திரையில் நிறுத்திவிட்டுப் போகப் பழகிக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமனை. 2016 பிப்ரவரி இறுதியில் ஒரு பந்தயத்தில் விழுந்து கையெலும்பு முறிந்தது. அவருடைய வாழ்நாள் கனவான பாரிஸ்-ரூபே பந்தயத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கட்டுப்போட்ட கையை ஓர் ஏணிப்படியின் மேல் சாய்த்துக்கொண்டு, கேரேஜில் டிரெய்னரில் மிதித்துத் தள்ளினார். ஏப்ரல் 10 அன்று, கல் பாவிய சாலைகளும் கலந்த 250 கிலோமீட்டருக்கு மேலான பாதையில் ஓடி, ஐந்தாவது வெற்றியைத் தேடி வந்த டாம் போனனைக் கடைசி வளைவில் வென்றார். அது அவருக்கு 15-வது முயற்சி, வயது 37. வெற்றியைவிட எனக்கு நெருக்கமாக இருப்பது அந்த ஏணிதான். வீட்டில் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடிகிற அளவுக்கு மிதிப்பது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மின்காந்த பிரேக்குக்குக் கரண்ட் போனால் பாரமும் போய்விடும், பெடல் லேசாகச் சுற்றும். இரண்டாவது ராத்திரி அப்பா தூங்கவில்லை. கீழே தண்ணீர் சத்தம், எங்கும் இருட்டு. டம்ளரால் தட்டினார், ஹால் பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் புரிய நேரமானது. ஏறி, பாரமில்லாமல் அரை மணி நேரம் மிதித்தேன். செயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

அடுத்த மாதம் தம்பி இரண்டு வாரம் வந்து தங்கினான். பதினேழு மாதத்துக்குப் பிறகு பூண்டிக்குப் போனேன். காலில் ஒரு குறையும் தெரியவில்லை, கூட வந்தவர்களுக்குச் சமமாக மிதித்தேன். கையும் கண்ணும்தான் மறந்திருந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஹேண்டில் ஆடியது. வேகத்தடையைக் கடைசி நொடியில் பார்த்தேன். பக்கத்தில் லாரி வந்தால் தோள் இறுகியது. இவை எதையும் டிரெய்னர் கற்றுத் தராது, காப்பாற்றியும் வைக்காது. நீண்ட நாள் உள்ளே ஓட்டியவர்கள் வெளியே போகும் முதல் நாள் கூட்டத்தோடு ஒட்டி ஓட்டாமல், காலிச் சாலையில் தனியாக ஒரு சுற்று போய்ப் பார்ப்பது நல்லது. ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் நின்று அப்பாவுக்கு வீடியோ எடுத்தேன்.

தம்பி போன பிறகு மறுபடியும் ஹால்தான். இப்போது அங்கே இரண்டு பேர். பிசியோதெரபிஸ்ட் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் சின்னப் பெடல் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். அதை நழுவாமல் அதே ரப்பர் பாயின் ஓரத்தில் வைத்து, அப்பாவின் வலது பாதத்தை வார் போட்டுக் கட்டிவிடுவேன். இடது கால் மிதிக்கும், வலது கால் கூடவே போய் வரும். சில நாள், ஒரு சுற்றின் உச்சியில் வலது காலும் தானாகக் கொஞ்சம் தள்ளுகிறது. கருவியில் ஒரு சின்னத் திரை சுற்றுகளை எண்ணும். நேற்று 312. அவர் அதைப் பார்த்துவிட்டு என் திரையைக் காட்டி, "உனக்கு?" என்றார். இருபத்தெட்டு கிலோமீட்டர் என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் என் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, விரலால் செயினைக் காட்டினார்.

"எண்ணெய்."

இறங்கி, துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டேன். அவர் பார்த்துக்கொண்டே மிதித்தார்.